அட்டவணைப் பணிகளை மாற்றுவதும் அட்மின் உரிமையைக் கையாள்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் ஆகிய ஊர்களில் உள்ள சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். தோல் பதனிடும் நிறுவனங்களின் கணக்குப் பிரிவு, காலணித் தொழிற்கூடம், ஜவுளிக்கடை, மருத்துவ ஆய்வுக்கூடம், தனியார் பள்ளி என்று இடங்கள் வேறுபட்டாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஐந்து முதல் முப்பது கணினிகள், அவற்றில் 'சர்வர்' என்று அழைக்கப்படும் ஒன்று, இரவில் தானாக ஓடவேண்டிய ஒரு பேக்கப், எல்லோருக்கும் தெரிந்த ஓர் அட்மின் பாஸ்வேர்டு. அந்த அலுவலகங்களில் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். விண்டோஸ்தான் இங்கே அதிகம் என்பதால் அதற்கு அதிக இடமும், லினக்ஸுக்குத் தேவையான அளவு இடமும் கொடுத்திருக்கிறேன்.

அட்டவணைப் பணி என்பது என்ன? அதை எங்கே பார்ப்பது?

குறித்த நேரத்திலோ, கணினி தொடங்கும்போதோ, ஒருவர் உள்நுழையும்போதோ ஒரு நிரலைத் தானாக ஓட்டும்படி இயங்குதளத்திடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் அட்டவணைப் பணி. விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்ற பெயரில் அது இருக்கிறது; ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் திறக்கும். இடப்பக்கம் உள்ள நூலகத்தின் முதல் நிலையில் நீங்கள் உருவாக்கியவையும், அதற்குள் இருக்கும் மைக்ரோசாஃப்ட் கோப்புறையில் இயங்குதளத்துக்குச் சொந்தமானவையும் இருக்கும். பின்னவற்றைத் தொடவேண்டாம்.

நான் அட்மின் கணக்கில்தான் நுழைந்திருக்கிறேன். ஆனாலும் பணியை மாற்ற முயன்றால் அனுமதி இல்லை என்று வருகிறதே, ஏன்?

விஸ்டாவில் அறிமுகமான 'யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்' என்ற பாதுகாப்புதான் காரணம். அட்மின் குழுவில் உள்ள ஒருவர் உள்நுழையும்போது விண்டோஸ் அவருக்கு இரண்டு அடையாளச் சீட்டுகளைத் தயாரிக்கிறது. ஒன்று சாதாரணப் பயனருக்கு உரியது, மற்றொன்று முழு அதிகாரம் கொண்டது. நீங்கள் அன்றாடம் திறக்கும் எல்லா நிரல்களும் முதல் சீட்டோடுதான் ஓடுகின்றன. திரை மங்கி, 'இந்த நிரலை அனுமதிக்கலாமா' என்ற கேள்வி வந்து, நீங்கள் சம்மதித்த பிறகே இரண்டாவது சீட்டு பயன்பாட்டுக்கு வருகிறது.

ஆகவே டாஸ்க் ஷெட்யூலரின் பெயர்மீது வலது சொடுக்கிட்டு 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் பெரும்பாலான நேரங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். மற்றொரு பயனரோ சிஸ்டம் கணக்கோ உருவாக்கிய பணிகள் சாதாரணமாகத் திறக்கும்போது பட்டியலில் தெரியாமலும் போகலாம். 'யாரோ பணியை அழித்துவிட்டார்கள்' என்று கவலையோடு வரும் தொலைபேசி அழைப்புகளில் பல இப்படித்தான் முடிந்திருக்கின்றன. இந்தத் தொல்லைக்காக அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. அணைத்துவிட்டால், மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பைத் தவறிச் சொடுக்கினாலும் அது முழு அதிகாரத்தோடு ஓடும். ஆகவே தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் என்ன செய்துகொள்ள வேண்டும்?

பணியின்மீது வலது சொடுக்கிட்டு 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் அதன் முழு அமைப்பும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கப்படும். கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் பிழையாகப் போனால் அதை 'இம்போர்ட்' செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். ஏற்கெனவே உள்ள பணியின் பெயரை நேரடியாக மாற்ற முடியாது என்பதால், பெயரை மாற்ற விரும்புவோருக்கும் இதே வழிதான்.

விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருக்கும் 'டாஸ்க்ஸ்' கோப்புறையில் இந்தக் கோப்புகள் அப்படியே கிடப்பதைப் பார்த்த சிலர், அங்கேயே நோட்பேடில் திறந்து நேரத்தைத் திருத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு பணிக்கும் உரிய சரிபார்ப்புக் குறியீடு, விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் தனியாகப் பதிவாகியிருப்பதால், கோப்பை மட்டும் திருத்தினால் பணி சிதைக்கப்பட்டுவிட்டது என்ற பிழை வந்து அது ஓடவே மறுக்கும். மாற்றத்தை டாஸ்க் ஷெட்யூலர் வழியாகவோ 'எஸ்சிஎச்டாஸ்க்ஸ்' என்ற கட்டளை வழியாகவோ மட்டுமே செய்யவேண்டும்.

பணி எந்தக் கணக்கின் பெயரில் ஓடவேண்டும்?

இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் விடை சொல்வதால்தான் பாதித் தொல்லைகள் வருகின்றன. பணியை உருவாக்கும் முதல் பக்கத்தில், உருவாக்குபவரின் கணக்கே தானாகப் பதிவாகிவிடுகிறது. சிக்கலைத் தீர்க்க வந்த பணியாளர் தன் கணக்கிலோ, முதலாளியின் கணக்கிலோ பணியை உருவாக்கிவிட்டுச் செல்கிறார். முதலாளி பாஸ்வேர்டை மாற்றும் நாளில், அல்லது அந்தப் பணியாளரின் கணக்கு நீக்கப்படும் நாளில், பணி நின்றுவிடுகிறது. அது நின்றதை யாரும் அறிவதில்லை.

கணினிக்குள்ளேயே முடிந்துவிடும் வேலைகளுக்கு, உதாரணமாகத் தற்காலிகக் கோப்புகளை அகற்றுவதற்கு, 'லோக்கல் சர்வீஸ்' கணக்கு போதுமா என்று முதலில் பார்க்கலாம். அதற்கு அதிகாரம் குறைவு. 'சிஸ்டம்' கணக்கு எல்லாவற்றையும் செய்யவல்லது, பாஸ்வேர்டும் தேவையில்லை. அதனாலேயே எல்லோரும் அதை நாடுகிறார்கள். அது கணினியின் முழு அதிகாரத்தையும் கொண்டது என்பதோடு, டொமைன் (எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத சிறு அலுவலக வலையமைப்பில் மற்றொரு கணினியிலோ நெட்வொர்க் சேமிப்பகத்திலோ உள்ள பகிர்வு கோப்புறைக்குள் பெரும்பாலும் நுழையவும் முடியாது.

பேக்கப் போன்ற வேலைக்கு அதற்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். அது அட்மின் குழுவில் இருக்கக்கூடாது. படிக்க வேண்டிய கோப்புறையைப் படிக்கவும், எழுதவேண்டிய கோப்புறையில் எழுதவும் மட்டுமே அதற்கு அனுமதி இருக்கவேண்டும். உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையில் 'லாக் ஆன் ஆஸ் எ பேட்ச் ஜாப்' என்ற உரிமை அந்தக் கணக்குக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டொமைன் வைத்திருக்கும் பெரிய தொழிற்சாலைகளில் 'குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்' என்ற வகையைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் சர்வர் 2012 முதல் உள்ள இதன் பாஸ்வேர்டை டொமைனே உருவாக்கி, இயல்பாக 30 நாட்களுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது.

'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலெஜஸ்' என்ற பெட்டியில் எப்போதும் டிக் போடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன இரண்டாவது சீட்டைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொடுக்கும் பெட்டி அது. டிக் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். எது தடுக்கப்படுகிறது என்று தெரிந்த பிறகு, அந்தக் கோப்புறைக்கு மட்டும் அனுமதி தரமுடியுமா என்று யோசியுங்கள். முடியாதபோது மட்டும் டிக் போடுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றிய மறுநாளிலிருந்து பேக்கப் ஓடவில்லை. ஏன்?

'பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்ற தேர்வில், விண்டோஸ் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைத் தன்னிடம் சேமித்துக்கொள்கிறது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றும்போது இந்தச் சேமிப்பு தானாக மாறுவதில்லை. கடைசி ஓட்டத்தின் முடிவில் 0எக்ஸ்8007052இ என்று தெரிந்தால் பொருள் இதுவே. பணியின் பண்புகளைத் திறந்து ஓகே கொடுத்தால் பாஸ்வேர்டைக் கேட்கும். புதியதைக் கொடுத்தால் சரியாகிவிடும். பாஸ்வேர்டைச் சேமிக்காதே என்ற துணைத்தேர்வும் உண்டு. அதைப் போட்டால் பணியால் அந்தக் கணினியில் உள்ளவற்றை மட்டுமே அணுக முடியும், வலையமைப்பில் உள்ள பகிர்வுகளை அணுக முடியாது.

'லாஸ்ட் ரன் ரிசல்ட்' 0எக்ஸ்0 என்று காட்டுகிறது. பேக்கப் நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக்கூடாது. ராணிப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் நானே கற்றுக்கொண்ட பாடம் இது. பேக்கப்புக்காக, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பை எழுதி, அதன் கடைசி வரியில் 'முடிந்தது' என்று ஒரு பதிவேட்டில் எழுதும் கட்டளையைச் சேர்த்திருந்தேன். ஒருநாள் யாரோ வெளி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மாட்டியதில் அதன் எழுத்து ஈ என்பதிலிருந்து எஃப் என்று மாறிவிட்டது. நகலெடுக்கும் கட்டளை தினமும் தோற்றது. கடைசி வரியோ தினமும் வெற்றிபெற்றது. பேட்ச் கோப்பின் கடைசிக் கட்டளையின் முடிவையே டாஸ்க் ஷெட்யூலர் வாங்கிக்கொள்வதால், மாதக்கணக்கில் பட்டியலில் 0எக்ஸ்0 என்றே இருந்தது. சர்வரின் டிஸ்க் பழுதான அன்றுதான் உண்மை தெரிந்தது. அந்தக் கணக்குப் பிரிவினர் மூன்று வாரம் காகிதப் பில்களைப் பார்த்து மீண்டும் பதிந்தார்கள். அவர்கள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

முடிவு எண் என்பது ஓட்டப்பட்ட நிரல் விட்டுச்சென்ற எண் மட்டுமே. 'ரோபோகாப்பி' கட்டளையைப் பயன்படுத்துவோர் இதற்கு நேரெதிரான குழப்பத்தைச் சந்திப்பார்கள். அந்தக் கட்டளையில் 1 என்ற எண்ணுக்குக் கோப்புகள் வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டன என்று பொருள். 0 என்றால் நகலெடுக்கப் புதிதாக எதுவும் இல்லை என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் தோல்வி. ஆகவே அங்கே 0எக்ஸ்1 நல்ல செய்தி, மற்ற நிரல்களில் அதே எண் பெரும்பாலும் கெட்ட செய்தி. 0எக்ஸ்41301 என்றால் பணி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 0எக்ஸ்41303 என்றால் இதுவரை ஒருமுறையும் ஓடவில்லை. 0எக்ஸ்2 என்றால் சொன்ன கோப்பு சொன்ன இடத்தில் இல்லை.

எண்ணை நம்புவதைவிட, மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அதில் நேற்றைய பில் இருக்கிறதா என்று கணக்காளரையே பார்க்கச் சொல்லுங்கள்.

மின்தடை நாட்களில் பணி ஓடாமல் போகிறது. என்ன செய்வது?

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களும், அக்னி நட்சத்திரக் காலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது திடீரென்று வரும் தடைகளும் நம் ஊரில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியவை. 'செட்டிங்ஸ்' பக்கத்தில், தவறிய ஓட்டத்தைக் கூடிய விரைவில் ஓட்டு என்ற பெட்டி இயல்பாக டிக் இல்லாமல் இருக்கும், அதைப் போடுங்கள். கணினி மீண்டும் எழுந்து சுமார் பத்து நிமிடம் கழித்துப் பணி தொடங்கும்.

பலர் கவனிக்காத மற்றொன்று 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் இருக்கிறது. நேரடி மின்சாரம் இருந்தால் மட்டும் தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற இரண்டும் இயல்பாகவே டிக் போடப்பட்டிருக்கும். அது மடிக்கணினிக்குத்தானே என்று விட்டுவிடுகிறோம். யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்திருந்தால், விண்டோஸ் அதையும் பேட்டரியாகவே கருதுகிறது; ஆகவே இரவில் இரண்டு நிமிடம் மின்சாரம் போய்வந்தாலும் பாதியில் இருக்கும் பேக்கப் நிறுத்தப்பட்டுவிடும். யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட்டு இந்தப் பெட்டிகளைத் தீர்மானியுங்கள்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, அட்டவணையில் ஓடவில்லை. இது எப்படி?

நீங்கள் ஓட்டும்போது உங்கள் டெஸ்க்டாப், உங்கள் மேப் செய்த டிரைவ்கள், உங்கள் பிரின்டர் எல்லாம் இருக்கின்றன. பின்னணியில் ஓடும் பணிக்கு அவை எதுவும் இல்லை. இசட் டிரைவ் என்று நீங்கள் மேப் செய்தது உங்கள் உள்நுழைவுக்கு மட்டுமே சொந்தமானது என்பதால், ஸ்கிரிப்டில் (பணி ஓட்டும் கட்டளைக் கோப்பில்) டிரைவ் எழுத்துக்குப் பதிலாக இரண்டு பின்சாய்வுக் கோடுகளோடு தொடங்கும் முழு வலையமைப்புப் பாதையை எழுதுங்கள். 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தில் ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையைக் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் மேற்கோள் குறிகள் கூடாது. காலியாக விட்டால் பணி பெரும்பாலும் சிஸ்டம்32 கோப்புறையில் நின்றுகொண்டு உங்கள் கோப்புகளைத் தேடும்.

ஓட்டவேண்டிய ஸ்கிரிப்ட் கோப்பை எங்கே வைப்பது? சி டிரைவில் ஒரு கோப்புறை போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு பணி எந்தக் கணக்கில் ஓடுகிறதோ, அந்தக் கணக்கின் அதிகாரம் முழுவதும் அது ஓட்டும் கோப்பைத் திருத்தக்கூடியவரிடம் இருக்கிறது. பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்தாலும் இது மாறாது. சிஸ்டம் கணக்கில் இரவு 11 மணிக்கு ஓடும் பேட்ச் கோப்பில் மாலை 6 மணிக்கு யாராவது ஒரு வரியைச் சேர்த்தால், உதாரணமாகத் தன் கணக்கை அட்மின் குழுவில் சேர்க்கும் வரியை எழுதினால், 11 மணிக்கு விண்டோஸே அவரை அட்மினாக ஆக்கிவிடும். அவருக்கு எந்தப் பாஸ்வேர்டும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

சி டிரைவின் முதல் நிலையில் நீங்கள் புதிதாக உருவாக்கும் கோப்புறைக்கு, இயல்பான விண்டோஸ் நிறுவலில், உள்நுழைந்த எல்லாப் பயனர்களுக்கும் கோப்புகளை மாற்றும் உரிமை தானாக வந்துசேர்கிறது. 'பேக்கப்' என்ற பெயரில் சி டிரைவில் நாம் உருவாக்கும் கோப்புறை அத்தனையும் இப்படிப்பட்டதுதான். நான் பார்த்த பெரும்பாலான அலுவலகங்களில், வரவேற்பறையில் இருப்பவரின் கணக்கிலிருந்தே அந்தக் கோப்பைத் திருத்த முடிந்தது. அவர்கள் செய்யமாட்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய கணினியில் நுழையும் ஒரு தீநிரல் செய்யும்.

ஆகவே ஸ்கிரிப்டை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் ஒரு துணைக்கோப்புறையில் வையுங்கள்; அங்கே அட்மின்களால் மட்டுமே எழுதமுடியும். வேறிடம்தான் வேண்டும் என்றால், கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று மேலிருந்து வரும் உரிமைகளைத் துண்டித்து, அட்மின் குழுவுக்கும் சிஸ்டத்துக்கும் முழு உரிமையும், பணி ஓடும் கணக்குக்குப் படிக்கும் உரிமையும் மட்டும் கொடுங்கள். ஸ்கிரிப்ட் அழைக்கும் மற்ற நிரல்களுக்கும் இதே விதி. ஸ்கிரிப்டுக்குள் பாஸ்வேர்டை எழுதிவைப்பதும் கூடாது. படிக்கும் உரிமை உள்ளவர் எல்லோரும் அதைப் படிப்பார்கள்.

லினக்ஸிலும் இதே கதைதான். ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் க்ரான்டாப்பில் (லினக்ஸின் அட்டவணைச் சேவையான க்ரானின் பட்டியலில்) உள்ள ஒரு வரி, ஒரு சாதாரணப் பயனரின் ஹோம் கோப்புறையில் இருக்கும் ஸ்கிரிப்டை அழைத்தால், அந்தப் பயனர் நடைமுறையில் ரூட்தான். ஸ்கிரிப்ட் மட்டுமல்லாமல் அது இருக்கும் கோப்புறையும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். கோப்புறை பிறருக்குச் சொந்தமானால், அவர் பழைய கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் புதியதை வைத்துவிடலாம்.

லினக்ஸில் க்ரான் அட்டவணையைத் திருத்தும்போது எதில் கவனமாக இருக்கவேண்டும்?

க்ரான்டாப் கட்டளையோடு சிறுகோடும் 'இ' எழுத்தும் சேர்த்தால் திருத்தலாம். 'ஆர்' எழுத்தைச் சேர்த்தால் முழு அட்டவணையும் ஒரு கேள்வியும் கேட்காமல் அழிந்துவிடும். இரண்டு எழுத்துகளும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எனவே முதலில் 'எல்' எழுத்தைப் பயன்படுத்தி இப்போதைய பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவிட்டுத் திருத்தத் தொடங்குங்கள்.

ஐந்து கட்டங்கள் முறையே நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள். மாதத்தின் நாளையும் வாரத்தின் நாளையும் சேர்த்துக் குறித்தால், இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே ஓடிவிடும். கட்டளைக்குள் சதவீதக் குறி வந்தால் க்ரான் அதைப் புதிய வரியாக எடுத்துக்கொள்வதால், தேதியைக் கோப்பின் பெயரில் சேர்க்கும் ஸ்கிரிப்டுகள் உடைந்துபோகும். குறிக்கு முன் பின்சாய்வுக் கோடு இடுங்கள். க்ரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு நிரலையும் முழுப்பாதையோடு எழுதுங்கள். கணினி அணைந்திருந்த நேரத்தில் தவறியதை க்ரான் திரும்ப ஓட்டாது. அதற்கு அனாக்ரானோ, 'பெர்சிஸ்டன்ட்' அமைப்போடு கூடிய சிஸ்டம்டி டைமரோ வேண்டும்.

கிளவுட் சர்வரில் வைத்த பணி ஏன் விடியற்காலையில் ஓடுகிறது?

பெரும்பாலான கிளவுட் சர்வர்கள் உலகப் பொதுநேரத்தில் இருக்கும். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். இரவு 11 மணிக்கு ஓடவேண்டியதை 17:30 என்று எழுதவேண்டும். மாதத்தின் முதல் நாள் அதிகாலை 2 மணி என்பது அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள் 20:30 ஆகிவிடும் என்பதால், மாத அறிக்கைகளில் இன்னும் கவனம் தேவை. சர்வரின் நேரமண்டலத்தையே கொல்கத்தா என்று மாற்றினால், க்ரான் சேவையை மறுதொடக்கம் செய்யவும் மறக்காதீர்கள்.

சூடோ உரிமையைக் கொடுக்கும்போது எதைத் தவிர்க்கவேண்டும்?

லினக்ஸில் சாதாரணப் பயனர் ரூட் உரிமையோடு ஒரு கட்டளையை ஓட்ட உதவுவது சூடோ. அதன் விதிக்கோப்பை எப்போதும் 'விசூடோ' கட்டளையால் மட்டுமே திருத்துங்கள். சேமிக்கும் முன் அது இலக்கணத்தைச் சரிபார்க்கிறது. சாதாரணத் திருத்தியில் திறந்து ஒரு பிழை செய்தால், அதற்குப் பிறகு யாராலும் சூடோவைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். ஒருவருக்கு ஒரு சேவையை மறுதொடக்கம் செய்யும் உரிமை போதும் என்றால், அந்தக் கட்டளையை முழுப்பாதையோடு எழுதி அதை மட்டும் அனுமதியுங்கள். 'விஐ' திருத்தியைச் சூடோவில் அனுமதிப்பது முழு ரூட் உரிமையைக் கொடுப்பதற்குச் சமம், ஏனெனில் அதற்குள்ளிருந்தே ஷெல்லைத் திறக்கலாம். ஒரு கோப்பைத் திருத்தும் உரிமை மட்டும் வேண்டும் என்றால் 'சூடோஎடிட்' இருக்கிறது.

சூடோவைப் புதுப்பித்தும் வைத்திருங்கள். 2021 ஜனவரியில் வெளியான ஒரு குறைபாடு, எந்தச் சூடோ உரிமையும் இல்லாத உள்ளூர்ப் பயனரையும் ரூட்டாக ஆக்கக்கூடியதாக, 2011 முதல் அந்த நிரலுக்குள் கண்டறியப்படாமல் இருந்தது.

கணக்கு மென்பொருள் அட்மின் உரிமை கேட்கிறது. எல்லோரையும் அட்மின் ஆக்கிவிடலாமா?

"சார், அது இல்லாம ஓடாது" என்று மென்பொருளை நிறுவ வந்தவர் சொல்லியிருப்பார். பெரும்பாலும் அந்த மென்பொருள் தன் தரவுகளைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயல்வதே காரணம். தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றுங்கள், அல்லது அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். அன்றாட வேலைக்கு எல்லோரும், முதலாளியும் நீங்களும் உட்பட, சாதாரணக் கணக்கையே பயன்படுத்தவேண்டும். அட்மின் வேலை வரும்போது திரையில் கேட்கும் கட்டத்தில் தனி அட்மின் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் போதும்.

எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைப்பது வசதியாக இருக்கிறதே?

நுழைந்தவருக்கும் அதே வசதி கிடைக்கும். ஒரு கணினியில் கிடைத்த பாஸ்வேர்டோ, கணினி சேமித்துவைக்கும் அதன் மறைகுறி வடிவமான ஹாஷோ மற்ற எல்லாவற்றையும் திறக்கும். டொமைன் இருந்தால் 'லாப்ஸ்' பயன்படுத்துங்கள். 2023 ஏப்ரல் புதுப்பிப்பு முதல் அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது, ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாஸ்வேர்டை உருவாக்கித் தானே மாற்றுகிறது. டொமைன் இல்லாவிட்டால் கணினிக்கு ஒன்றாக எழுதி, உறையில் வைத்து ஒட்டி, கையெழுத்திட்டு, முதலாளியின் பீரோவில் வைத்துவிடுங்கள். உறை திறக்கப்பட்ட நாளில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவசரத்துக்கு ஒருவரே பாஸ்வேர்டு தெரிந்தவராக இருந்து, அவர் திருப்பதி சென்றிருக்கும் நாளில் சர்வர் நின்றுபோவதையும் இந்த உறை தடுக்கும்.

பணியை யார் மாற்றினார்கள் என்று பின்னால் கண்டுபிடிக்க முடியுமா?

முன்கூட்டியே பதிவை இயக்கியிருந்தால் முடியும். டாஸ்க் ஷெட்யூலரின் வலப்பக்கத்தில் எல்லாப் பணிகளின் வரலாற்றையும் இயக்கும் தேர்வு இருக்கிறது. பல கணினிகளில் அது அணைந்தே இருக்கும். இயக்கியபின், பணி பதிவானது 106, மாற்றப்பட்டது 140, நீக்கப்பட்டது 141 என்ற எண்களில் பதிவாகும். தணிக்கைக் கொள்கையில் 'அதர் ஆப்ஜெக்ட் ஆக்சஸ் ஈவன்ட்ஸ்' என்பதையும் இயக்கினால், பாதுகாப்புப் பதிவேட்டில் 4698 உருவாக்கத்தையும், 4702 மாற்றத்தையும், 4699 நீக்கத்தையும் செய்த கணக்கின் பெயரோடு காட்டும். உபுன்டுவில் சூடோவின் ஒவ்வொரு பயன்பாடும் அங்கீகாரப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. ஆனால் ஐந்து பேர் ஒரே அட்மின் கணக்கைப் பகிர்ந்துகொண்டால் இந்தப் பதிவுகள் அனைத்தும் அந்த ஒரு பெயரையே காட்டும். ஆளுக்கொரு கணக்கு என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

சட்டமும் இதில் வருகிறது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறை, பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைக் கேட்கிறது. விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேடு இயல்பான அளவில் விரைவிலேயே நிரம்பிப் பழையவற்றை அழித்துவிடும். அளவைக் கூட்டுங்கள், அல்லது வாரந்தோறும் வேறிடத்துக்கு நகலெடுங்கள்.

பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு பணி இருக்கிறது. அழித்துவிடலாமா?

உடனே அழிக்கவேண்டாம். உலாவி, பிரின்டர், பிடிஎஃப் படிப்பான் போன்றவை தங்கள் புதுப்பிப்புக்காகப் பணிகளைச் சேர்ப்பதுண்டு. 'ஆக்ஷன்ஸ்' பக்கத்தில் அது எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்று பாருங்கள். பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறையிலோ 'டெம்ப்' கோப்புறையிலோ உள்ள ஒரு கோப்பு, பொருளற்ற எழுத்துகளாலான பெயர், மறைத்து எழுதப்பட்ட நீண்ட பவர்ஷெல் கட்டளை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஐயப்படவேண்டும். தீநிரல்கள் கணினியை மறுதொடக்கம் செய்தபின்னும் தங்கியிருக்க இந்த வழியை மிகவும் விரும்புகின்றன. அப்போது பணியை எக்ஸ்போர்ட் செய்து, 'டிசேபிள்' செய்து, வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு ஆராயுங்கள். அழித்துவிட்டால் அது எப்போது, யாருடைய கணக்கில் வந்தது என்ற தடயமும் போய்விடும்.

கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர் வேலையை விட்டுச் செல்கிறார். எந்த வரிசையில் செய்வது?

அவர் இருக்கும்போதே, அவருடன் உட்கார்ந்து, எல்லாக் கணினிகளிலும் அவருடைய கணக்கில் ஓடும் பணிகளைப் பட்டியலிடுங்கள்; எஸ்சிஎச்டாஸ்க்ஸ் கட்டளையின் விரிவான வெளியீட்டில் 'ரன் ஆஸ் யூசர்' என்ற வரி அதைக் காட்டும். லினக்ஸில் அவருடைய க்ரான்டாப்பையும், ரிமோட் நுழைவுக்காக அவர் வைத்த திறவிகளையும் பாருங்கள். ஒவ்வொரு பணியையும் தனிக் கணக்குக்கு மாற்றி, ஒருமுறை ஓட்டி, வெளியான கோப்பைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். அதன்பிறகு அவருடைய கணக்கை முடக்குங்கள், அழிக்கவேண்டாம்; ஒரு மாதம் கழித்து, மாதக் கடைசியில் மட்டும் ஓடும் பணிகளும் நின்றுபோகவில்லை என்று தெரிந்தபின் நீக்கலாம். அவருக்குத் தெரிந்த பொதுப் பாஸ்வேர்டுகளையும், வைஃபை ரவுட்டருடையது உட்பட, அவர் விடைபெறும் நாளிலேயே மாற்றிவிடுங்கள். இது அவர்மீதுள்ள ஐயத்தால் அல்ல, நாளை ஏதேனும் நடந்தால் அவர்மீது ஐயம் விழாதிருக்கவும்தான் என்று அவரிடமே சொல்லிச் செய்யுங்கள்.